டெலியோனில் காணாமல் போனவன்

என் அண்ணன் மெலாந்தாஸ் செத்துப்போனானா, கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போனானா என்று தெரியாமல் நாங்கள் திண்டாடிக்கொண்டிருந்தபோது, ஊருக்கு மட்டும் அது நன்றாகவே தெரிந்திருந்தது. ஓடிவிட்டானாம். பார்த்தது யார் என்று கேட்டால் ஒருவரும் இல்லை. ஆனாலும் ஓடிவிட்டானாம். சண்டை நடந்த மேட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவர்களுக்குத்தான் சண்டையில் நடந்ததெல்லாம் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

நாங்கள் டெலியோன்காரர்கள். தனாக்ராவுக்குக் கீழே கடலோரம் அப்பொல்லோ கோயில், அதைச் சுற்றிக் கொஞ்சம் வீடுகள், கொஞ்சம் திராட்சைத் தோட்டம், படகுகளை இழுத்துப் போடும் மணல். அவ்வளவுதான் எங்கள் துறைமுகம். அப்பா போனபிறகு தோட்டமும் கேடயமும் அண்ணனுக்கு, படகு எனக்கு என்று பிரிந்தது. அதனால் போர் என்று வந்தால் அவன் கவசம் மாட்டிக்கொண்டு முன்வரிசையில் நிற்பான். நான் கல்லெறிகிறவர்களோடு ஓரமாக நிற்பேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இருந்ததில்லை.

அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் ஏதென்ஸ்காரர்கள் வந்து கோயிலையே பிடித்துக்கொண்டார்கள். சுற்றிலும் அகழி வெட்டினார்கள். அண்ணனுடைய திராட்சைக் கொடிகளை வேரோடு பிடுங்கி, மண்ணோடு சேர்த்து அரண் போட்டார்கள். எங்கள் வீடுகளைப் பிரித்து அந்தச் செங்கல்லை மதிலில் அடுக்கினார்கள். நாங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தனாக்ராவுக்கு ஓடி, அண்ணி நிகரேத்தாவின் அத்தை வீட்டில் ஒண்டிக்கொண்டோம். பிறகு சுற்றுவட்டார ஊர்ப் படைகளெல்லாம் தனாக்ராவில் கூடின. மலைக்குப் பின்னால், ஒரு சாயங்கால வேளையில், இரண்டு படைகளும் மோதின. நாங்கள் ஜெயித்தோம். ஜெயித்தோம் என்று எல்லாரும் சொன்னதால் எனக்கும் தெரிந்தது. நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தூசியும் முதுகுகளும்தான்.

மறுநாள் எங்கள் ஆட்களின் உடல்களை எடுத்து வந்து வரிசையாகக் கிடத்தினார்கள். அண்ணி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அண்ணன் அதில் இல்லை. உயிரோடு திரும்பியவர்களிலும் இல்லை. அவனுடைய பக்கத்தில் நின்றவர்களைக் கேட்கலாம் என்றால், இடது கோடியில் அவனோடு நின்ற அந்த வரிசையே மிச்சமில்லை.

இதில்தான் சிக்கல் வந்தது. விழுந்தவர்களுக்கெல்லாம் சேர்த்து ஊர் வாசலில் ஒரு பெரிய கறுப்புக் கல் நட்டு, அதில் பேர் வெட்டுவதாக ஊர்ச்சபை முடிவு செய்திருந்தது. உடல் இருக்க வேண்டும், இல்லையென்றால் விழுந்ததைக் கண்ணால் பார்த்த ஒருவன் சத்தியம் செய்ய வேண்டும். எங்களிடம் இரண்டும் இல்லை. கல்லில் பேர் வராதவன் என்ன ஆனான் என்று ஊர் தானாகவே நிரப்பிக்கொள்ளும். தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் அண்ணியின் குடத்துக்குப் பக்கத்திலிருந்து தங்கள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். சிமோ என்று ஒருத்தி, வாய்க்குப் பூட்டே இல்லாதவள், "ஒரோப்போஸ் ரோட்டுல ஓடினவங்க போட்ட கேடயம் நெறையக் கெடக்குதாம், போனா மலிவா வாங்கலாம்" என்று அண்ணி காதில் விழும்படி சொன்னாள்.

அண்ணி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அண்ணன் நின்ற இடத்தில் விழுந்தான் என்று கல் சொல்ல வேண்டும்.

ஏதென்ஸ்காரர்களின் பிணங்கள் மட்டும் மேட்டிலேயே கிடந்தன. தோற்றபிறகும் அவர்களில் ஒரு பகுதி கோயில் மதிலுக்குள்ளேயே இருந்தது. கோயிலை விட்டுப் போனால் எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள் எங்கள் தளபதிகள். கோயில் இப்போது எங்களுடையது, செத்தவர்களைக் கொடுப்பதுதான் முறை என்றார்கள் அவர்கள். தூதர்கள் வந்தார்கள், போனார்கள். சாமிக்குரிய தண்ணீரைச் சமையலுக்கு எடுத்தீர்களே என்றார்கள் எங்கள் ஆட்கள். வேறு வழியில்லாமல் எடுத்தோம் என்றார்கள் அவர்கள். இரண்டு பக்கமும் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள். பேச்சு முடிவதற்குப் பதினேழு நாள் ஆயிற்று. அத்தனை நாளும் அந்த மனிதர்கள் வெறும் உடம்போடு பனியில் கிடந்தார்கள். கவசமும் துணியும் முதல் நாளே உருவப்பட்டுவிட்டன. அவர்களுக்குக் காவல் போட்ட ஆட்களில் நானும் ஒருவன். நாயையும் காக்கையையும் விரட்டுவதுதான் வேலை. மனிதன் செய்யக்கூடாத வேலை அது. எங்கள் பக்கம் நியாயம் என்று என்னை யாராலும் அப்போதும் நம்பவைத்திருக்க முடியாது, இப்போதும் முடியாது.

அண்ணி தினமும் பார்லி ரொட்டியும் ஆலிவும் எடுத்துக்கொண்டு வருவாள். காவல் எல்லைக்கு வெளியே நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவாள்.

"பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி. இல்ல."

"எல்லாரையும் பாத்தியா?"

"அதெல்லாம் அவனுங்க ஆளுங்க அண்ணி. நம்ம ஆளுங்களத்தான் மறுநாளே எடுத்தாச்சே."

"துணியில்லாமக் கெடக்கிறவன் நெத்தியில ஏதென்ஸ்னு எழுதியிருக்கா?"

அவள் சொன்னது சரிதான். அவசரத்தில் எடுத்த கணக்கு. ஒன்றிரண்டு மாறியிருக்கலாம். அதனால் நானும் ஒவ்வொரு நாளும் மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தேன். சில நாளிலேயே முகத்தைப் பார்த்துச் சொல்வது முடியாத காரியமாகிவிட்டது.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணி, ஓடியே போயிருந்தாத்தான் என்ன? எங்கயாவது உசுரோட இருந்தாப் போதாதா நமக்கு?" என்றேன்.

அவள் ரொட்டிப் பையை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "அந்த வார்த்தைய ஊரு சொல்லலாம். நீ சொல்லக் கூடாது. நீ அவரு கூடப் பொறந்தவன்."

கடைசியில் எங்கள் ஆட்கள் ஒரு நீண்ட உத்தரத்தைக் குடைந்து குழலாக்கி, அதன் முனையில் தணல் சட்டியைத் தொங்கவிட்டு, மறு முனையில் கொல்லன் துருத்தியை வைத்து ஊதினார்கள். திராட்சைக் கொடியும் மரமுமாகக் கிடந்த அந்த மதில் பற்றிக்கொண்டது. ஏதென்ஸ்காரர்கள் கப்பலுக்கு ஓடினார்கள். பிறகு அவர்களுடைய தூதன் வந்தபோது யாரும் எதுவும் பேசவில்லை. எடுத்துக்கொண்டு போ என்றார்கள். அவ்வளவு சுலபமாக முடிகிற விஷயம்.

எங்கள் காவல் தலைவன் அரிஸ்தோன் நல்ல மனிதன். கொஞ்சம் கத்துவான், அவ்வளவுதான். ஏதென்ஸிலிருந்து வண்டிகள் வந்துகொண்டிருந்த அன்று காலையில் அண்ணியை உள்ளே விட்டான். "போயிப் பாரும்மா. உங்க ஆளா இருந்தா எடுத்துக்கோ. அவனுங்க ஏத்த ஆரம்பிச்சுட்டா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அண்ணி ஒரு செம்பில் தண்ணீரும், தான் நெய்த ஒரு கம்பளித் துணியும் கொண்டுவந்திருந்தாள். முக்காட்டை மூக்குவரை இழுத்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நடந்தாள். நான் பின்னால் போனேன். மூன்றாவது வரிசைக் கடைசியில் நின்றாள். கீழே உட்கார்ந்தாள். துணியின் ஓரத்தை நனைத்து அந்த முகத்தைத் துடைத்தாள். துடைப்பதற்கு அங்கே அதிகம் இல்லை. ஆனாலும் குழந்தைக்குத் துடைப்பது போலப் பதமாகத் துடைத்தாள்.

"இவருதான்," என்றாள்.

நான் பார்த்தேன். உயரம் சரி. தோள் சரி. தலைமுடியும் அண்ணன் முடி மாதிரியே சுருட்டை. ஆனால் வலது காலின் சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. சின்ன வயதில் நானும் அண்ணனும் ஒரே பாயில் தலைமாடு கால்மாடாகப் படுத்தவர்கள். எத்தனையோ வருஷம் அவன் கால் என் முகத்தில் கிடந்திருக்கிறது. அந்தக் காலில் இப்படி ஒரு விரல் இல்லை.

அண்ணி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"இவருதான் தம்பி. நல்லாப் பாத்துக்கோ."

"ஆமா அண்ணி," என்றேன். வேறு என்ன சொல்வது?

அரிஸ்தோன் வந்தான். "நிச்சயமாத் தெரியுமா?"

"பொண்டாட்டிக்குத் தெரியாதா? இந்தச் சுண்டுவெரலப் பாருங்க. கல்யாணத்தன்னிக்கே பாத்துட்டுச் சிரிச்சேன். அதுக்காக ஒரு மாசம் எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல."

அப்படியொரு பொய்யை அவள் அவ்வளவு ஆசையோடு சொன்னாள்.

அப்போது கோவேறு கழுதை பூட்டிய வண்டி ஒன்றை நடத்திக்கொண்டு கிழவர் ஒருவர் வந்தார். நல்ல துணிதான் உடுத்தியிருந்தார், ஆனால் வழியெல்லாம் நடந்து முழங்கால்வரை சேறு. பேச்சில் ஏதென்ஸ் வாடை. பிற்பாடு பெயர் லிசானியாஸ் என்று சொன்னார். மகனைத் தேடி வந்தவர். அந்த உடலைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், உடனே காலடியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டார்.

"இது எம் பையன்மா. எடு கைய."

"ஐயா, தள்ளிப் போங்க. இது எம் புருஷன்."

"ஒம் புருஷனா? இந்தா பாரு, இந்த வெரலு. இது எங்க பரம்பரை வெரலு."

"அப்படியா? பரம்பரைன்னா உங்களுக்கும் இருக்கணுமே. செருப்பக் கழட்டுங்க, பாப்போம்."

கிழவர் ஒரு கணம் தடுமாறினார். "அவங்கம்மா வழியில வந்தது."

"வசதியாப் போச்சு."

"ஏ பொம்பள, மரியாதையாப் பேசு. உங்க நாட்டு ஆளுங்களப் பன்னின்னு எங்க ஊர்ல சும்மாவா சொல்றாங்க?"

"பன்னி நாட்டு வெலாங்கு மீன மட்டும் கேட்டுக் கேட்டு வாங்கித் திங்கறீங்களே. அப்ப நாறலயா?"

"அரிவாள் தழும்பு இருக்கும் பாரு, கையில. திராட்சைக் கொடி நறுக்கும்போது பட்டது."

"சேவல் முள்ளு கிழிச்ச தழும்பு அது. தனாக்ராவுல சண்டைச் சேவல் வளக்காத ஆம்பள உண்டா?"

அண்ணன் சேவலைக் கண்டாலே பத்தடி தள்ளி நிற்பவன். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். அண்ணி தலைமாட்டில், கிழவர் கால்மாட்டில். இருவரும் விடுவதாக இல்லை. அரிஸ்தோன் தலையில் கைவைத்துக்கொண்டான். "சாமி, உசுரோட இருக்கும்போது ஒருத்தனுக்கும் இவ்வளவு கிராக்கி இருந்திருக்காது," என்று முனகினான்.

அந்தச் சமயத்தில்தான் அவன் வந்தான். கையில் கட்டுப் போட்ட ஒரு இளைஞன், ஏதென்ஸ் ஆள், வெறுங்காலோடு வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தான். எங்கள் பக்கம் வந்ததும் நின்றான். விரலைப் பார்க்கவில்லை, தழும்பைப் பார்க்கவில்லை. சட்டென்று முழங்கால் மடிந்து உட்கார்ந்து, அந்தச் சுருட்டை முடிக்குள் விரல்களை விட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டான். சத்தமே இல்லை. தோள்கள் மட்டும் ஆடின.

அரிஸ்தோனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "நீயும் வந்துட்டியா? நீ என்ன சொல்லப் போற, வெரலா, தழும்பா?"

இளைஞனுக்கு அது புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தான். நான் அவனுடைய காலைப் பார்த்தேன். அரிஸ்தோனும் பார்த்தான். சேறு ஒட்டிய அந்த வலது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

கிழவர் பாதங்களிலிருந்து கையை மெல்ல எடுத்துக்கொண்டார். அண்ணியின் கை அந்த நெற்றிமேல் அப்படியே இருந்தது.

இளைஞன் அந்த ஈரமான முகத்தைப் பார்த்தான். அண்ணி கையிலிருந்த துணியைப் பார்த்தான். காலடியில் உட்கார்ந்திருந்த கிழவரைப் பார்த்தான்.

"அக்கா, எங்கண்ணன் மொகத்தத் தொடச்சது நீங்களா?" என்று கேட்டான். "யாருமில்லாமக் கெடப்பான்னு நெனச்சுக்கிட்டே வந்தேன். எதிரி ஊர்க்காரங்க நீங்க. எங்க ஆளு வர்றதுக்குள்ள நீங்களும் பெரியவரும் இப்படிப் பக்கத்துல உக்காந்து…" அண்ணியின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகத் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த நன்றி சுட்ட மாதிரி எதுவும் சுட்டதில்லை. அண்ணி துணியை அவன் கையில் வைத்தாள். "துணிய வெச்சுக்கோப்பா. அவருக்குத்தான் கொண்டு வந்தேன்," என்றாள். அந்த நேரத்தில் அது பொய்யாகவும் எனக்குப் படவில்லை. அவளும் கிழவரும் நானும் சேர்ந்துதான் அந்த உடலைத் துணியில் சுற்றினோம்.

பிறகு அண்ணியும் கிழவரும் சரிவில் சற்றுத் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். நான் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தேன். கிழவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்று அண்ணி கேட்டாள்.

"பாத்தவொடனே. எம் பையன் இவ்வளவு ஒசரம் இல்ல. ஒனக்கு?"

"பாத்தவொடனே."

கிழவர் ரொட்டியை உருட்டினார். "ஆள் கெடைக்காதவங்களுக்கு எங்க ஊர்ல சவ ஊர்வலத்துல ஒரு கட்டில் போகும்மா. துணி விரிச்சு, வெறுங்கட்டில். எல்லாருக்கும் சேத்து ஒண்ணே ஒண்ணு. எம் பொண்டாட்டி அது பின்னாடி நடக்கணும். அதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. அதான் எதையாவது கொண்டு போயிடலாம்னு…" நிறுத்திக்கொண்டார். "எதையாவதுன்னு சொல்லிட்டேன் பாரு. ஒருத்தன் புள்ளைய."

"நானுந்தான் ஐயா," என்றாள் அண்ணி.

வரிசைகள் முழுவதையும் கிழவர் இன்னொரு முறை நடந்து பார்த்தார். அண்ணியும் கூடவே நடந்தாள். அவருடைய மகன் அங்கே இல்லை. அண்ணனும் இல்லை. கடைசியில் கிழவர் தன் வண்டியில் அந்த இளைஞனின் அண்ணனை ஏற்றச் சொன்னார். இளைஞன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் போக, கிழவர் வண்டிச் சட்டத்தில் ஒரு கையை வைத்தபடி பின்னால் நடந்தார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அப்பனும் பிள்ளைகளும் என்றுதான் தோன்றியிருக்கும்.

"அந்தப் பையன் உக்காந்தான் பாரு, அப்படி ஒரு எடத்துலயும் என் கால் மடங்கல தம்பி," என்றாள் அண்ணி. "அவரு இங்க இல்ல."

அங்கிருந்து டெலியோனுக்கு இறங்கினோம், வீடு என்று ஏதாவது மிச்சமிருக்கிறதா பார்க்கலாம் என்று. மிச்சம் இருந்தது அடித்தளம்தான். மற்றதெல்லாம் கரிந்த மதிலுக்குள் கிடந்தது. ஊரிலேயே முழுசாக நின்ற ஒரே குடிசை தேரோனுடையதுதான். ஏதென்ஸ்காரன்கூட அந்தக் குடிசையின் செங்கல்லைத் தொடவில்லை. காரணம், தேரோன் செத்தவன்.

சில வருஷங்களுக்கு முன்னால் அவன் படகு கவிழ்ந்தது. ஒரு குளிர்காலம் முழுவதும் செய்தி இல்லை. மனைவி அழுது, காரியம் செய்து, நடுகல்லும் நட்டுவிட்டாள். வசந்தத்தில் அவன் எங்கேயோ ஒரு தீவிலிருந்து நடையும் பிச்சையுமாக வந்து நின்றான். ஆனால் காரியம் செய்தாகிவிட்டதே. நாடு முழுக்க இதுதான் வழக்கம்: நடுகல் நட்டபின் வருகிறவன் செத்தவன்தான். கோயிலுக்குள் விடமாட்டார்கள். அவனோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டார்கள், கைக்குக் கை எதுவும் தரமாட்டார்கள், அடுப்புக்கு நெருப்புக்கூட. நாங்கள் மீனவர்கள் மட்டும், செத்தவர்களுக்குப் படைப்பது போல மணலில் இரண்டு மீனைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவோம். அதற்குத் தோஷமில்லை என்று நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம்.

நான் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டினேன். தேரோன் தன் குடிசை வாசலில் நின்று அந்தத் தீயைப் பார்த்தான். கிட்ட வரவில்லை. அவனுக்குத் தன் எல்லை தெரியும்.

அண்ணி அதற்குமுன் அவனிடம் பேசியதே இல்லை. அன்றைக்குக் கேட்டாள். "உங்க சம்சாரம் எங்க இப்ப?"

"அவளுக்கென்ன, நல்லா இருக்கா. கால்க்கிஸ்ல மறுகல்யாணம் ஆயிடுச்சு. நாந்தான் செத்துட்டனே."

"அந்தக் கல்ல எடுக்கச் சொல்லக் கூடாதா?"

"கேட்டேன். செத்தவன் பேச்ச யாரு கேப்பா?" என்று சிரித்தான். "ரொம்ப அழுதாளாம். நல்ல கல்லாத்தான் வாங்கி நட்டிருக்கா. நான் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

அண்ணி எரிகிற சுள்ளி ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அண்ணி, வேணாம்," என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. நேராகப் போய் அதை அவன் கையில் கொடுத்தாள். மணலில் வைக்கவில்லை, கையிலேயே கொடுத்தாள். தேரோன் அதை வாங்கி, காற்றுப் படாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு குடிசைக்குள் போனான்.

தனாக்ராவுக்குத் திரும்பி நடக்கும்போது அவள் அந்தக் குடிசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கல் வெட்டுகிற நாள் வந்தது. தனாக்ரா வாசலில் கறுப்புக் கல்லைச் சாய்த்து வைத்து, கல்தச்சன் சுண்ணாம்பால் கோடு போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தான். ஊரே கூடியிருந்தது. சிமோ முன்வரிசையில். சபைப் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட, வீட்டுக்காரர்கள் வந்து ஆமாம் என்று சொன்னார்கள். சொன்ன பேரைத் தச்சன் சுண்ணாம்பால் எழுதிக்கொண்டான்.

எங்கள் முறை வருவதற்குள் அரிஸ்தோன் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தான். என்னையோ அண்ணியையோ பார்க்காமல், சபைப் பெரியவரிடம் உரக்கச் சொன்னான். "மெலாந்தாஸ் விழுந்தத நான் பாத்தேன். எடது கோடியில, முன்னாலதான் விழுந்தான். முதுகுல காயமில்ல. அப்பொல்லோ மேல சத்தியம் பண்றேன்."

அவன் அன்றைக்கு நின்றது வலது கோடியில். அது எனக்குத் தெரியும். சாமிமேல் பொய்ச் சத்தியம் செய்ய வந்திருக்கிறான், ஒரு பெண் பிணங்களுக்கு நடுவே நடந்ததைப் பார்த்த ஒரே காரணத்துக்காக. முடிந்தது, எல்லாக் கஷ்டமும் முடிந்தது என்று நினைத்தேன். சிமோவின் முகத்தைப் பார்க்கவேண்டும் போல இருந்தது, பார்த்தேன்.

"நல்லது," என்றார் பெரியவர். "எழுதலாமாம்மா?"

அண்ணி கல்லைப் பார்த்தாள். அத்தனை நாளும் அவள் கேட்டது அதுதான். அது இப்போது கையெட்டும் தூரத்தில் இருந்தது.

"வேணாங்கய்யா," என்றாள். "எழுதாதீங்க."

பெரியவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, இன்னொரு முறை கேட்டார். அவள் இன்னொரு முறை சொன்னாள். அரிஸ்தோன் திகைத்து நின்றான். அண்ணி அவனைப் பார்த்து, "நீங்க நல்லா இருக்கணும் அண்ணே. ஆனா அவரு விழுந்தத நீங்க பாக்கல," என்றாள்.

கூட்டத்தில் சலசலப்பு. சிமோதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப ஓடிட்டாருன்னு நீயே ஒத்துக்கறியா?"

அண்ணி திரும்பினாள். எல்லாருக்கும் கேட்கும்படிதான் பேசினாள், ஆனால் கத்தவில்லை.

"ஓடிட்டாருன்னே வெச்சுக்கோங்க. இந்தக் கல்லுல பேரு ஏறிட்டா, நாளைக்கே அவரு வந்து நின்னாலும் நீங்க உள்ள விடமாட்டீங்க. அடுப்புக்கு நெருப்புத் தரமாட்டீங்க. நானே தரக்கூடாதும்பீங்க. ஓடி வந்தவன்னா என்ன செய்வீங்க, காறித் துப்புவீங்க. அவ்வளவுதான. துப்பினாத் தொடச்சுக்கலாம்."

எனக்கு அழுகை வந்தது, மறைக்கவும் தோன்றவில்லை. பெரியவர் தச்சனுக்குக் கையைக் காட்ட, அவன் அடுத்த பேரைக் கேட்டான்.